கத்திரி வெயிலில் தக்காளி: 75 சதவீத வலை வாங்கலாமா?

வெயில்மாடி | மார்ச் 30, காலை 7.15

நம்ம மாடித்தோட்டக் குழுவுக்கு மொத்தமா நிழல்வலை எடுக்கப் போறோம் (சதவீதம்னா வலை தடுக்கிற வெயிலோட அளவு). 50 சதவீத பச்சை வலை கட்டின மாடிகள்லயே தக்காளி பூ கொட்டுது. பூ வருது, காம்பு மஞ்சளாகுது, தொட்டா விழுது. அதனால இந்தத் தடவை 75 சதவீதம் போட்டுடலாம்னு என் கருத்து. சென்னை, முழு வெயில் மொட்டைமாடி, 15×15 அங்குலப் பை, மூணில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட் (தென்னை நார்த்தூள்), ஒரு பங்கு மண்புழு உரம். மறுப்பு இருந்தா ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லுங்க, பணம் கட்டணும்.

பழையவாளி | மார்ச் 30, காலை 8.02

மறுப்பு இருக்கிறது. பணம் கட்ட வேண்டாம்.

தக்காளிப் பூ கொட்டுவதற்குப் பகல் வெயில் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இரவு. இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் கெட்டுப்போகும், பூ பிஞ்சாகாது. சென்னையில் மே மாத இரவு 27, 28க்குக் கீழே இறங்குவது அபூர்வம். வலை எத்தனை சதவீதமாக இருந்தாலும் இரவைக் குளிர வைக்காது. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மேலே வலை மூடியிருந்தால் அந்தச் சூடு வெளியேறுவது இன்னும் தாமதம்.

75 சதவீத வலைக்கு அடியில் தக்காளி குச்சி குச்சியாக வெளிச்சம் தேடி நீளும். அப்போது பூவே வராது. பூ கொட்டும் பிரச்சினை தீர்ந்துவிடும், அந்த அர்த்தத்தில் சரிதான்.

சுரைக்கொடி | மார்ச் 30, பகல் 1.20

கத்திரி வெயில்ல கத்தரி காய்க்கும், தக்காளி காய்க்காது. இதை நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டுங்க.

பழையவாளி | மார்ச் 30, பகல் 1.45

கத்தரியும் ஓரளவுதான். சூட்டைத் தாங்கும் வரிசை இது: கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை, கொடிப்பசலை, வெண்டை. இவற்றுக்கு மே மாதம் ஒரு பொருட்டில்லை. கத்தரி நடுவில். பூ கொட்டும், செடி சாகாது, ஜூன் கடைசியில் கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும். தக்காளி, குடைமிளகாய், பீன்ஸ் மூன்றும் கடைசி.

தொட்டித்தண்ணி | மார்ச் 31, காலை 6.40

யாரும் தண்ணீர்க் கணக்கைப் பேசவில்லை. 15 அங்குலப் பையில் வளர்ந்த தக்காளி மே மாதத்தில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். 40 பை என்றால் தினம் 100 லிட்டர். மே ஒரு மாதத்துக்கு மட்டும் 3,000 லிட்டர். அதுவும் பிஞ்சே பிடிக்காத செடிக்கு. 2019 ஜூனில் இந்த ஊர் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை மறந்துவிட்டு "பருவநிலைக்கு ஏற்ற தோட்டம்" என்று பேனர் வைப்பதில் பொருளில்லை.

மாற்று: ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். ஒரு ஏசிக்கு மணிக்கு 5, 6 லிட்டர் கிடைக்கும்.

பழையவாளி | மார்ச் 31, காலை 7.05

கிடைக்காது. ஒன்றரை டன் ஏசிக்குச் சென்னை ஈரப்பதத்தில் மணிக்கு 1 முதல் 2 லிட்டர். எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு வாளி தேறும், அவ்வளவுதான்.

தொட்டித்தண்ணி | மார்ச் 31, காலை 7.30

சரி, 1 முதல் 2. தப்பு என்னுடையது. ஆனாலும் அந்த ஒரு வாளிக்கு மதிப்பு உண்டு, அளவுக்காக அல்ல. அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆர்ஓ குடிநீர் இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் 1,500 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) காட்டினால் ஏசி நீரோடு சரிபாதி கலந்தால் 750க்கு வந்துவிடும், பல போர்த் தண்ணீரை விட மேல். ஆர்ஓ கழிவை மட்டும் தனியாக ஊற்றினால் இரண்டு மாதத்தில் பையின் வாயோரம் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும். அப்படி ஆன பையை ஒருமுறை நல்ல தண்ணீரால், பையின் கொள்ளளவுக்குச் சமமான அளவு ஊற்றி, அடியில் முழுக்க வடிய விட வேண்டும். சும்மா மேலே தெளித்தால் உப்பு நடுவில் போய் உட்காரும்.

வாஷிங்மெஷின் தண்ணீர் வேண்டாம். அதில் சோடியம் அதிகம், மண் இறுகிப்போகும்.

வெயில்மாடி | மார்ச் 31, இரவு 9.50

அப்ப வலையே வேண்டாமா? ஆர்டர் பட்டியல்ல 22 வீடு இருக்கு.

மண்புழு | ஏப்ரல் 1, காலை 5.55

வேணும், ஆனா 35 சதவீதம். கீரை, நாற்றுத் தட்டு இருக்கிற மூலைக்கு மட்டும் 50. மாடி முழுக்கக் கூரை மாதிரி மூடாதீங்க. மேற்குப் பக்கம் மட்டும் திரைச்சீலை மாதிரி நெட்டுக்குத்தா தொங்க விட்டாலே பகல் 2 மணிக்கு மேல வர்ற கொல்ற வெயில் தடுத்துடும். மேல கட்டுறதா இருந்தா 8 அடி உயரம், நாலு பக்கமும் காத்துக்கு வழி. மார்ச் கடைசியில ஏத்தி ஜூன் நடுவுல இறக்கிடணும். வருஷம் முழுக்க விட்டா மழைக்காலத்துல இலைநோய்தான் மிச்சம்.

வலையை விட முக்கியம் பையோட சூடு. கறுப்புப் பை நேர் வெயில்ல நின்னா ஓரத்து மண் 45 டிகிரி தாண்டும், அந்த ஓரத்துலதான் புது வேர் இருக்கு. தெற்கு, மேற்கு ஓரப் பைகளுக்குச் சாக்கு சுத்துங்க. பைகளை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைங்க, ஒண்ணோட நிழல் இன்னொண்ணுக்கு. மேல 2 அங்குலம் சருகு இல்லேன்னா கரும்புச் சோகை. தண்டுலேர்ந்து ரெண்டு விரல் தள்ளி, ஒட்டிப் போட்டா தண்டு அழுகும்.

சுரைக்கொடி | ஏப்ரல் 1, காலை 8.10

மீன் வர்ற தெர்மோகோல் பெட்டி சூட்டுக்கு ரொம்ப நல்லது. வேர் குளுகுளுன்னு இருக்கும்.

தொட்டித்தண்ணி | ஏப்ரல் 1, காலை 8.25

முதல் வருடம். இரண்டாம் வருடம் வெயிலில் பொடிந்து மணிமணியாக மழைநீர்க் குழாய் வழியே சேமிப்புத் தொட்டிக்குள் போகும். 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருக்கிற ஊரில் நாமே அதை அடைக்க வேண்டாம்.

பழையவாளி | ஏப்ரல் 3, இரவு 10.15

பைகளை ஒட்டி வைக்கச் சொன்னது பற்றி. சூட்டுக்குச் சரி, பாரத்துக்குக் கவனம்.

விட்டம் 15, உயரம் 15 அங்குலம், மேலே 2 அங்குலம் விட்டு நிரப்பினால் 37 லிட்டர். மேலே சொன்ன மூன்று பங்குக் கலவை நனைந்த நிலையில் லிட்டருக்குச் சுமார் 1.25 கிலோ. ஒரு பை 46 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரவிதி) சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. மூன்று பை வைத்தால் 138. நாம் ஏறி நிற்க இடமில்லை. ஆகவே சுவர், உத்தரம் போகும் கோட்டின் மேல் வரிசை. நடுத்தளத்தில் சதுர மீட்டருக்கு ஒன்று. ஏற மாட்டார்கள் என்று கணக்கிட்டுக் கட்டிய தளமாக இருந்தால் அந்த 150 பாதியாகிவிடும். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் பொறியாளர் பார்க்காமல் ஒரு பை கூட ஏற்றாதீர்கள்.

முழுக்கச் செம்மண் போட்டவர்கள் ஒரு பைக்கு இன்னும் 20 கிலோ கூட்டிக்கொள்ளவும்.

மண்புழு | ஏப்ரல் 4, காலை 6.20

37 லிட்டர்னு போட்டிருக்கீங்க. எந்த 15×15? வட்டமா அடி வச்சுத் தைச்ச எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பையா, மடிச்சு வர்ற பாலித்தீன் பையா? பாலித்தீன் பையில அளவு தட்டையாப் படுக்க வச்சு எடுத்தது. தட்டையா 15 அங்குலம்னா சுற்றளவு 30, விட்டம் ஒன்பதரைதான்.

பழையவாளி | ஏப்ரல் 4, காலை 7.40

ஆமாம். அந்தப் பையில் 15 லிட்டர்தான் பிடிக்கும். பாதிக்கும் கீழே. நான் சொன்ன 37 வட்ட அடிப் பைக்கு மட்டும்.

இதனால் ஒரு சந்தேகம் தெளிகிறது: ஒரே கலவை, ஒரே விதை, ஒரே வெயிலில் சில மாடிகளில் மதியமே செடி துவண்டது. 15 லிட்டர் பை மே மாதத்தில் காலைத் தண்ணீரைப் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடும். ஆர்டரில் "15×15" என்று மட்டும் எழுதாமல் "வட்ட அடி, விட்டம் 15, 220 ஜிஎஸ்எம்" என்று எழுதவும் (ஜிஎஸ்எம் என்பது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கனம்).

வெயில்மாடி | ஏப்ரல் 4, இரவு 8.30

எழுதியாச்சு. வலை 75 ரத்து, 35 ஆக்கியாச்சு. மிச்சப் பணத்துல 5 கிலோ கோகோபீட் கட்டி.

மண்புழு | ஏப்ரல் 5, காலை 6.05

கட்டி வாங்குறப்ப ஒரு லாட்டுக்கு ஒண்ணு உடைச்சுச் சோதிக்கணும். 5 கிலோ கட்டிக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணி, ஒரு ராத்திரி ஊறணும், 65 லிட்டர் போல உப்பும். வடியற தண்ணியில டிடிஎஸ் மீட்டர் வைங்க. ஊத்துன தண்ணியோட டிடிஎஸ்ஸைக் கழிச்சுட்டு 300க்கு மேல நின்னா உப்பு கழுவாத சரக்கு. சாக்குல கட்டித் தொங்கவிட்டு இன்னும் ரெண்டு தண்ணி அலசணும். கழுவுற தண்ணியைத் தென்னைக்கு விடலாம், அது பொட்டாசியம், உப்பு தாங்கும். ஒரு கட்டி 5 பைக்கு வரும்.

கழுவாமப் போட்டா தக்காளிக்கு அடிப்பக்கம் கறுத்து அமுங்கும். நாருக்குள்ள இருக்கிற பொட்டாசியமும் சோடியமும் கால்சியத்தைச் செடிக்குப் போக விடாது.

சுரைக்கொடி | ஏப்ரல் 5, காலை 9.00

முட்டை ஓடு?

மண்புழு | ஏப்ரல் 5, காலை 9.10

அது கரையறதுக்குள்ள தக்காளியோட பேரன் காய்ச்சிடும். அடிக்கருகலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சின்னு தண்ணி விடுறது. முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

தொட்டித்தண்ணி | ஏப்ரல் 19, காலை 6.30

தக்காளியைப் பிடுங்கிய பைகளை மே, ஜூனில் என்ன செய்வது என்ற கேள்வி கூட்டத்தில் வந்தது. சணப்பை (பசுந்தாள் உரச் செடி) விதைத்து 45 நாளில் பூக்கும்போது மடக்கிப் போடுங்கள். தழைச்சத்து கிடைக்கும், மண் மூடியிருக்கும்.

பழையவாளி | ஏப்ரல் 19, காலை 7.15

மே மாதத்தில் சணப்பைக்கும் தண்ணீர் விட வேண்டும். 100 லிட்டர் கணக்கு உங்களுடையதுதானே?

மே மாதத்தில் வெயிலையே வேலை வாங்கலாம். செடியைப் பிடுங்காமல் மண் மட்டத்தில் வெட்டவும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் மட்டும் வேரோடு எடுத்துக் குப்பையில் போடவும். உரத்தொட்டியில் போடக் கூடாது. ஒருமுறை முழுக்க நனைத்து, பையின் வாயைத் தெளிவான பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டி நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் விடவும். கறுப்புத் தாள் வேண்டாம். அது தானே சூடாகும், மண்ணுக்குச் சூடு இறங்காது. வயலை விடப் பையில் இது நன்றாகப் பலிக்கும், எல்லாப் பக்கமும் வெயில் படுவதால். நூற்புழு, வாடல் பூஞ்சை, களை விதை மூன்றும் குறையும். நல்ல நுண்ணுயிரும் கொஞ்சம் போகும். திறந்த பிறகு பைக்கு ரெண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போட்டு பத்து நாள் ஆற விட வேண்டும்.

தொட்டித்தண்ணி | ஏப்ரல் 19, இரவு 9.20

ஒத்துக்கொள்கிறேன். மே மூடாக்கு, சணப்பை ஜூன் கடைசியில் முதல் இடிமழைக்குப் பிறகு. ஒரே எச்சரிக்கை: மூடாமலும் நனைக்காமலும் அப்படியே காயவிட்ட பை ஜூனில் தண்ணீரை ஏற்காது. காய்ந்த கோகோபீட் தண்ணீரைத் தள்ளும். ஓரமாக ஓடி அடியில் வந்துவிடும், பார்ப்பவர் நனைந்தது என்று நினைப்பார். நடுவில் விரல் விட்டால் தூள் பறக்கும். அப்படிப்பட்ட பையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு மணி நேரம் உட்கார வையுங்கள்.

மண்புழு | மே 11, காலை 6.00

மாவுப்பூச்சி ஆரம்பிச்சாச்சு, செம்பருத்தியிலும் பப்பாளியிலும். காஞ்ச சூடு அதுக்குக் கொண்டாட்டம். யாரும் கடை மருந்துக்கு ஓடாதீங்க. 2008ல கோயம்புத்தூர்ப் பக்கம் முதல்ல தெரிஞ்ச பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கினது மருந்து இல்ல, 2010ல விட்ட அசெரோஃபேகஸ் பப்பாயேங்கிற குட்டிக் குளவி. கடுமையான மருந்து அடிச்சா முதல்ல சாகறது அதுதான். வேகமாத் தண்ணி பீய்ச்சிக் கழுவுங்க. மறுநாள் சாயந்தரம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி சோப்புக் கரைசல். முதல்ல சோப்பையும் எண்ணெயையும் கலக்கி வெள்ளையாக்கிட்டு அப்புறம் தண்ணி. நேரா ஊத்துனா எண்ணெய் மிதக்கும், கடைசி லிட்டர்ல மொத்தமா வந்து இலை கருகும். காலை 10 மணிக்கு அடிச்சாலும் கருகும். எறும்பு ஏறுற வழியையும் அடைங்க, அதுதான் பூச்சியைத் தூக்கிட்டுப் போய்க் குடிவைக்குது.

வெயில்மாடி | ஜூலை 6, காலை 7.00

ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்லிட்டு 20ஆம் தேதி விதைப் பரிமாற்றம். தக்காளி நாற்று இப்பவே விட்டா சரியா?

பழையவாளி | ஜூலை 6, காலை 8.20

பழமொழி சரி, தக்காளிக்குச் சென்னையில் சரியில்லை. ஆடியில் நாற்று விட்டால் செப்டம்பர், அக்டோபரில் பூ. அப்போதும் இரவு 25ஐ ஒட்டித்தான் இருக்கும், அடுத்து வடகிழக்குப் பருவமழை பூவைக் கழுவும். அக்டோபர் கடைசியில் நாற்று, நவம்பர் கடைசியில் நடவு, டிசம்பர் கடைசியில் பூ. ஜனவரி இரவு 21, 22. பிஞ்சு அப்போது பிடிக்கும். ஆடிக்கு வெண்டை, கத்தரி, அவரை, கொடிக்காய்கள்.

சுரைக்கொடி | ஜூலை 6, பகல் 12.40

கொடிக்காய் விதை பத்தி ஒரு சண்டை போடணும். போன பரிமாற்றத்துல "நாட்டுச் சுரை"ன்னு வந்த பொட்டலத்துல மூணு விதமான காய், அதுல ஒண்ணு கசப்பு. கசக்கிற சுரைக்காயைச் சமைச்சு ஒப்பேத்தக் கூடாது, ஜூஸ் குடிக்கவே கூடாது, விஷம் அது. நாக்குல ஒரு துண்டு வச்சுப் பாத்துட்டுக் கசந்தா துப்பிட்டுக் கொடியோட எடுத்துடுங்க.

காரணம் கலப்பு. சுரை, பீர்க்கு, பூசணி எல்லாம் பக்கத்து மாடிப் பூவோட சேர்ந்துடும். காயைப் பாத்துத் தெரியாது, அடுத்த தலைமுறையிலதான் வெளியில வரும். விதைக்குன்னு விடுற காயை கையால சேர்க்கணும்:

சுரைப்பூ சாயந்தரம் விரியும். அன்னிக்குப் பகல்லயே வெள்ளையா நீண்டு நிக்கிற மொட்டுதான் இன்னிக்கு விரியப்போறது. ஆண் மொட்டு, பெண் மொட்டு ரெண்டோட நுனியையும் 3 மணிக்குள்ள நூலால கட்டிடணும். 6 மணிக்கு அவிழ்த்து ஆண்பூவோட இதழைக் கிழிச்சுட்டு மகரந்தத்தைத் தடவி, பெண்பூவை மறுபடி கட்டி, காம்புல கலர் நூல். பீர்க்கும் சாயந்தரம்தான். பூசணி, பாகல், வெள்ளரி விடியற்காலை விரியும், அதுக்கு முதல் நாள் சாயந்தரமே கட்டணும். இந்த நேரத்தை மாத்திப் பண்ணித்தான் பாதிப் பேருக்குப் பிஞ்சு வெம்புது. காய் ஓடு நகம் இறங்காத அளவு முத்துற வரைக்கும் கொடியிலேயே விடுங்க.

மண்புழு | ஜூலை 7, காலை 6.10

தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைதான், கட்ட வேண்டாம். வெண்டையில பூச்சி கொஞ்சம் கலக்கும், மொட்டு நுனியில ஒரு நூல் போதும். கத்தரி வேற ரகம் பக்கத்துல இருந்தா பூங்கொத்துக்கு மெல்லிய துணிப்பை. 2023ல புவிசார் குறியீடு வாங்கின வேலூர் முள்ளுக்கத்தரி விதைன்னு குடுத்தா காம்புலயும் புல்லிவட்டத்துலயும் முள் இருந்த செடிதானான்னு பாத்துட்டுக் குடுங்க. முள் குத்தாத முள்ளுக்கத்தரி போன தடவை நிறைய வந்துச்சு.

பொட்டலத்துல எழுத வேண்டியது நாலு: ரகம், அறுத்த மாசம், கட்டிச் சேர்த்ததா திறந்த சேர்க்கையா, எத்தனை செடியிலேர்ந்து. வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினா கொண்டு வராதீங்க. கத்தரி, தக்காளி நாலு வருஷம் தாங்கும், காய வச்சிருந்தா.

பழையவாளி | ஜூலை 7, இரவு 9.00

காய வைப்பது என்றால் வெயிலில் வறுப்பது அல்ல. விதை ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கும் இடம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பு. தோராய விதிதான், ஆனால் உதவும். நிழலில் ஒரு வாரம். பிறகு வறுத்து ஆறிய அரிசி அரைப்பங்கு போட்ட பாட்டிலில், விதையைத் துணியில் முடிந்து, இறுக மூடி ஒரு வாரம். சுரை விதை வளைந்தால் ஈரம், டக்கென்று ஒடிந்தால் சரி.

தொட்டித்தண்ணி | அக்டோபர் 12, காலை 6.45

மழைக்கு முன் நான்கு வேலை. பைகளைச் செங்கல் மேல் தூக்குங்கள், அடி ஓட்டை தளத்தோடு ஒட்டினால் அடைபடும். ஓட்டையில் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். வடிகுழாய் வாயில் வலைக்கூடை. வெயிலுக்கு அடித்த சுண்ணாம்பு கரைந்து வரும், முதல் இரண்டு மழையைச் சேமிப்புக்குள் விடாதீர்கள்.

வெயில்மாடி | அக்டோபர் 12, காலை 7.20

ஜூன்ல இறக்கச் சொன்ன 35 சதவீத வலை எட்டு மாடியில இன்னும் மேலயே இருக்கு.

மண்புழு | அக்டோபர் 12, காலை 7.25

புயல் காத்துல அது வலை இல்ல, பாய்மரம். 2016 வர்தாவுல பந்தல் குழாயோட பறந்து அடுத்த தெரு கார் மேல விழுந்த கதையெல்லாம் இருக்கு. இன்னிக்கே இறக்குங்க. முடிச்சை இழுத்தா அவிழ்ற மாதிரி போடுங்க, அடுத்த வருஷம் கத்திரி தேடி நிக்க வேண்டாம்.

சுரைக்கொடி | அக்டோபர் 12, காலை 7.31

எந்தக் கத்திரி?

வெயில்மாடி | அக்டோபர் 26, காலை 6.50

வலை எட்டும் இறங்கியாச்சு. தக்காளி நாற்று இன்னிக்கு விட்டாச்சு, 98 குழித் தட்டு மூணு, குழிக்கு ஒரு விதை, கால் அங்குல ஆழம். தட்டு மழையில நேரா நனையாம படிக்கட்டுக் கூரைக்குக் கீழ. நாற்று கேட்டவங்க 19 வீடு, வீட்டுக்கு 12.

பழையவாளி | அக்டோபர் 26, காலை 7.02

19 வீட்டுக்கு 228. 294 குழியில் 80 சதவீதம் முளைத்தால் 235. ஏழுதான் உபரி. இன்னும் ஒரு தட்டு போடுங்கள். படிக்கட்டுக் கீழ் வெளிச்சம் போதாது, முளை தெரிந்த அன்றே வெளியே எடுக்கவும்.